நிழல் காட்டிய திசை



நிழல் நகர்கிறது என்பதை நாம் அனைவரும் அறிவோம். ஆயினும் அது நகர்வதை நம்மில் எவரும் கண்டதில்லை. சற்று முன்னர் இங்கிருந்தது, இப்போது அங்கிருக்கிறது என்று ஒப்பிட்டே அதன் நகர்வை உணர்கிறோம். மொட்டு விரிவதும், அரைத்து வைத்த மாவு பொங்குவதும், குழந்தை வளர்வதும் அவ்வாறே. மிக மெதுவாக நிகழும் ஒன்றை, அது நிகழும்போதே காணும் ஆற்றல் நம் கண்களுக்கு அளிக்கப்படவில்லை.

இக்குறையை ஓரளவு நிரப்பும் கலையே 'டைம்லாப்ஸ்' எனப்படும் காலச்சுருக்கக் காணொளி. கேமராவை ஓரிடத்தில் அசையாமல் நிறுத்தி, சீரான இடைவெளியில் படங்களை எடுத்து, பின்னர் அவற்றை வினாடிக்கு 25 படங்கள் வீதம் ஓடவிட்டால், மணிக்கணக்கில் நிகழ்ந்தது ஒரு நிமிடத்தில் கண்முன் விரிகிறது. இக்கலை புதியதன்று. 1874 ஆம் ஆண்டு வெள்ளிக் கோள் சூரியனின் முகத்தைக் கடந்து சென்றபோது, அதனைச் சீரான இடைவெளியில் ஒன்றன்பின் ஒன்றாகப் படமெடுக்க, பிரெஞ்சு வானியலாளர் ஜூல் ஜான்சன் தனிக்கருவி ஒன்றை அமைத்து ஜப்பானுக்குக் கொண்டு சென்றார். 1910 இல் இங்கிலாந்தின் பெர்சி ஸ்மித், மலர்கள் விரிவதைச் சுருக்கிக் காட்டும் திரைப்படத்தை வெளியிட்டார். அன்று அறிஞர்கள் கருவி செய்து சாதித்ததை இன்று நம் கையிலுள்ள அலைபேசியே செய்துவிடுகிறது.

பெரும்பாலும் இதனைப் பொழுதுபோக்காகவே நாம் காண்கிறோம். நகரத்துச் சாலையில் ஊர்திகள் ஒளிக்கோடுகளாகப் பாய்வதும், வானில் மேகங்கள் ஓடுவதும் அழகுதான். ஆனால் எங்கள் இல்லத்தில் இக்கலை ஒரு தேவைக்காக நுழைந்தது. உம்மாவின் கட்டிலை எந்தப் பக்கம் திருப்புவது என்பதே அத்தேவை.

கட்டிலும் கிப்லாவும்

எங்கள் உம்மாவுக்கு வயது எண்பதை நெருங்குகிறது. தஞ்சைக் கடலோரத்து ஊரில், தாம் வாழ்க்கைப்பட்டு வந்த வீட்டிலேயே வாழ்ந்தவர். அவ்வீட்டின் உள்ளறையில் தொழுகைப் பாயை எப்படி விரிப்பது என்று அவர் ஒருபோதும் யோசித்ததில்லை. தரையிலேயே அத்திசை பதிந்திருந்தது. சென்ற ஆண்டு கீழே விழுந்து இடுப்பெலும்பு முறிந்து, அறுவை சிகிச்சைக்குப் பின் சென்னையில் எங்கள் அடுக்ககத்துக்கு வந்து சேர்ந்தார். எழுந்து நிற்க இயலாது. கட்டிலில் சாய்ந்தபடியே தொழுது வருகிறார்.

வந்த முதல் வாரத்திலிருந்தே ஒவ்வொரு வக்திலும் தக்பீர் கட்டுவதற்கு முன் ஒரு கேள்வி எழும். "இதுதானா வாப்பா கிப்லா?" ஆம் என்போம். தொழுவார். அடுத்த வக்தில் மீண்டும் கேட்பார்.

அவருடைய ஐயத்துக்குக் காரணமில்லாமல் இல்லை. எங்கள் இருவரின் அலைபேசிகளையும் அவ்வறையில் வைத்துக் கிப்லா பார்த்தால், ஒன்றுக்கொன்று 26 பாகை விலகிக் காட்டின. கட்டிலின் தலைமாட்டில் வைத்தால் ஒரு திசை, கால்மாட்டில் வைத்தால் வேறொரு திசை. அலைபேசியின் திசைகாட்டி பூமியின் மெல்லிய காந்தப்புலத்தை உணர்ந்து இயங்குவது. தூண்களிலும் தளத்திலும் புதைந்த முறுக்குக் கம்பிகள், இரும்புக் கட்டில், அருகிலுள்ள இரும்பு பீரோ ஆகிய யாவும் அதனைத் தத்தம் பக்கம் இழுக்கக்கூடியவை. நோயாளியின் அறையில் இவை யாவும் இருந்தன.

மஹல்லா இமாமிடம் விவரத்தைச் சொன்னோம். இயன்ற முயற்சியைச் செய்து, நிச்சயமெனத் தோன்றும் திசையை நோக்கித் தொழுதால் போதும். அல்லாஹ் யாரையும் அவருடைய சக்திக்கு மீறிச் சிரமப்படுத்துவதில்லை என்று ஆறுதல் கூறினார். உம்மாவும் அதனை ஏற்றுக்கொண்டார். ஆனால் 'இயன்ற முயற்சி' என்ற சொல் எங்களிடம் தங்கிவிட்டது. இதைவிடத் தெளிவாக அறிய வழியுண்டா என்று தேடியபோதுதான், நம் முன்னோர் நன்கறிந்திருந்த ஒரு வழி நினைவுக்கு வந்தது. அது நிழல்.

வானமே காட்டும் திசை

மக்கா நகரம் ஏறத்தாழ 21.4 பாகை வட அகலாங்கில் அமைந்துள்ளது. சூரியன் வடக்கே 23.4 பாகை வரை சென்று திரும்புவதால், ஆண்டுக்கு இருமுறை அது கஅபாவின் நேர் உச்சியில் வந்து நிற்கிறது. போகும்போது மே 28, திரும்பும்போது ஜூலை 16. லீப் ஆண்டுகளில் இவை ஒருநாள் முந்தி, மே 27, ஜூலை 15 என அமையும். அந்நேரம் இந்தியாவிலும் இலங்கையிலும் முறையே பிற்பகல் 2:48 மணி, 2:57 மணி.

சூரியன் கஅபாவுக்கு நேர் மேலே நிற்கும் அக்கணத்தில், உலகில் எங்கிருந்து சூரியனை நோக்கினாலும் கஅபாவை நோக்கியவராகிறோம். ஆகவே செங்குத்தாக நட்ட ஒரு கம்பியின் நிழல், கிப்லாவுக்கு நேர் எதிர்த்திசையில் விழும். நிழலின் முனையிலிருந்து கம்பியின் அடியை நோக்கிக் கோடு இழுத்தால், அதுவே கிப்லா. அலைபேசி வேண்டியதில்லை; காந்த ஊசியும் வேண்டியதில்லை. சென்னையைப் பொறுத்தவரை அக்கோடு நேர் மேற்கிலிருந்து ஏறத்தாழ 18 பாகை வடக்கே சாய்ந்திருக்கும்.

நிழலால் காலமும் திசையும் அறிவது நம் மரபில் தனியொரு கலையாகவே வளர்ந்தது. தொழுகை நேரங்களைக் கணிப்பதற்கென்றே பெரிய பள்ளிவாசல்களில் 'முவக்கித்' என்னும் பொறுப்பாளர்கள் இருந்தனர். டமாஸ்கஸ் உமய்யா பள்ளிவாசலின் முவக்கித்தாக இருந்த வானியலாளர் இப்னுஷ் ஷாதிர், 1371-72 இல் அப்பள்ளிவாசலுக்காகச் செய்த நிழற்கடிகாரம் புகழ்பெற்றது. நம் நாட்டுப் பழைய பள்ளிவாசல்கள் சிலவற்றிலும் நிழற்கடிகாரம் உண்டு. கைக்கடிகாரம் வந்த பின்னர் அவற்றின் பக்கம் நாம் பார்ப்பதை நிறுத்திவிட்டோம்.

ஜூலை 16 ஆம் நாளைத் தேர்ந்தெடுத்தோம். ஒரு கம்பியை நட்டு, 2:57 க்குக் கோடு இழுத்தால் வேலை முடிந்துவிடுமே, கேமரா எதற்கு என்று கேட்கலாம். இரு காரணங்கள் உண்டு. ஒன்று, ஜூலைப் பிற்பகலில் சென்னை வானத்தை நம்ப இயலாது. சரியாக 2:57 க்கு ஒரு மேகம் மறைத்துவிட்டால் நிழலே இராது. இடைவிடாமல் படங்கள் எடுத்து வைத்திருந்தால், மேகம் விலகிய நொடியில் விழுந்த நிழலாவது கைவசம் இருக்கும். இரண்டாவது காரணமே பெரியது. உம்மாவால் மொட்டை மாடிக்கு ஏறிவர இயலாது. நாங்கள் அளந்து வந்து சொல்வதை அவர் நம்பத்தான் செய்வார். எனினும் அவர் தம் கண்களாலேயே காண வேண்டும் என்று விரும்பினோம்.

ஏற்பாடுகள்

செய்துபார்க்க விரும்பும் குடும்பங்களுக்காக, ஏற்பாடுகளைச் சற்று விரிவாகவே எழுதுகிறோம்.

ஒட்டுப்பலகை ஒன்றின்மேல், ஒரு செ.மீ. கட்டங்கள் வரைந்த வெள்ளை அட்டையை ஒட்டினோம். ஒரு விளிம்பின் அருகே 20 செ.மீ. உயரமுள்ள மெல்லிய கம்பியை நட்டோம். பலகை சமமாக இருக்கிறதா என்று ரசமட்டம் வைத்துப் பார்த்தோம். கம்பி செங்குத்தாக நிற்கிறதா என்று, நூலில் ஒரு நட்டைக் கட்டித் தொங்கவிட்டுப் பார்த்தோம். பலகையின் நீளவாட்டு விளிம்பை மொட்டை மாடியின் கைப்பிடிச்சுவருக்கு இணையாக வைத்தோம். அச்சுவர், கீழே உம்மாவின் அறைச்சுவருக்கு இணையானது. மாடியில் அளக்கும் கோணத்தை அறைக்குள் கொண்டுவருவதற்கான பாலம் அதுதான்.

கட்டங்கள் வரைந்ததற்கும் காரணம் உண்டு. கேமரா சாய்வாகப் பார்க்கும்போது படத்தில் கோணங்கள் திரிந்து தெரியும். திரையில் பாகைமானியை வைத்து அளந்தால் தவறான விடையே வரும். நிழல்முனை எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று எண்ணினால் அத்தவறு நேராது.

அடுத்து இடைவெளி. இங்கே ஓர் எளிய கணக்குப் போதும். நண்பகல் 12 மணி முதல் மாலை 5 மணி வரை எடுக்கத் திட்டமிட்டோம். ஐந்து மணிநேரம் என்பது 18,000 வினாடிகள். 10 வினாடிக்கு ஒரு படம் எனில் 1,800 படங்கள். அவற்றை வினாடிக்கு 25 வீதம் ஓடவிட்டால் 72 வினாடிகள். முதலில் காணொளி எவ்வளவு நேரம் ஓட வேண்டும் என்று முடிவு செய்து, அங்கிருந்து பின்னோக்கிக் கணக்கிட்டால் இடைவெளி கிடைத்துவிடும். நிழலுக்கு 10 வினாடி போதும். வேகமாக ஓடும் மேகங்களுக்கு 3 முதல் 5 வினாடி தேவை. தொட்டியில் முளைக்கும் வெந்தயத்துக்கு 10 நிமிடத்துக்கு ஒன்றுகூடப் போதுமானது.

அலைபேசியிலேயே டைம்லாப்ஸ் வசதி உண்டு. அழகுக்காக எடுப்போருக்கு அதுவே போதும். ஆனால் அது நேரடியாகக் காணொளியாகச் சேர்த்துக் கொடுத்துவிடும். சில அலைபேசிகள், பதிவு நீள நீள இடைவெளியைத் தாமாகவே கூட்டிக்கொள்ளவும் செய்யும். எந்தப் படம் எத்தனை மணிக்கு எடுக்கப்பட்டது என்ற விவரம் நம்மிடம் இராது. எங்களுக்கோ அந்த விவரமே உயிர்நாடி. ஆகவே, குறித்த இடைவெளியில் தனித்தனிப் படங்களாக எடுக்கும் வசதியுள்ள பழைய டிஎஸ்எல்ஆர் கேமராவைப் பயன்படுத்தினோம். ஒவ்வொரு படக்கோப்பிலும் அது எடுக்கப்பட்ட நேரம் வினாடி வரை பதிவாகியிருக்கும். காலையிலேயே கேமராவின் கடிகாரத்தை அலைபேசியின் வலையமைப்பு நேரத்தோடு ஒத்திசைத்துக் கொண்டோம்.

கேமராவில் தானியங்கி அமைப்புகள் அனைத்தையும் நிறுத்தி வைக்க வேண்டும். இதுவே இக்கலையின் முதல் பாடம். கேமரா ஒவ்வொரு படத்துக்கும் தானாக வெளிச்சத்தைக் கணக்கிட்டால், ஒரு படம் பளிச்சென்றும் அடுத்தது மங்கியும் அமையும். ஓடவிடும்போது காணொளி பழுதான குழல்விளக்கைப் போல் துடிக்கும். ஐஎஸ்ஓ 100, துளை எஃப் 8, வினாடியில் 500 இல் ஒரு பங்கு வேகம் என நாங்கள் நிலைநிறுத்திக்கொண்டோம். வெள்ளைச் சமநிலையை 'வெயில்' என்பதில் நிறுத்தினோம். குவியத்தை ஒருமுறை சரிசெய்து, பின்னர் கையால் மாற்றும் நிலைக்கு மாற்றினோம். நடுக்கம் குறைக்கும் வசதியையும் அணைத்துவிட வேண்டும். அசையாமல் நிற்கும் கேமராவில் சில வேளைகளில் அதுவே அசைவை உண்டாக்கும்.

மற்றவை வீட்டறிவுதான். முக்காலியின் நடுவே செங்கல் நிரப்பிய பை ஒன்றைத் தொங்கவிட்டோம், காற்றுக்கு அசையவில்லை. கேமரா சூடேறாமல் இருக்க வெள்ளைத் துணியால் நிழல் செய்தோம். மின்கலம் இடையில் தீர்ந்துவிடாதபடி நேரடி மின் இணைப்புக் கொடுத்தோம். படம் ஒன்றுக்கு ஏறத்தாழ 4 எம்பி வீதம், 1,800 படங்களுக்கு 7 ஜிபிக்குச் சற்று மேல் இடம் வேண்டும். 32 ஜிபி அட்டை தாராளம்.

ஓர் எச்சரிக்கை. கேமராவை நிழலை நோக்கியே வைக்க வேண்டும். சூரியனை நோக்கி மணிக்கணக்கில் வைத்தால் கேமராவின் உணரி பழுதாகலாம். பிள்ளைகள் வெறுங்கண்ணால் சூரியனைப் பார்க்காதவாறும் பெரியவர்கள் கவனித்துக்கொள்ள வேண்டும்.

அயலாரின் உரிமை

அடுக்ககத்து மொட்டை மாடி எல்லார்க்கும் பொதுவானது. துணி உலர்த்த வருவோர், வற்றல் காயவைக்க வருவோர், பக்கத்து மாடிகளில் தலை உலர்த்தி நிற்போர் எனப் பெண்கள் இயல்பாகப் புழங்கும் இடம். அங்கே ஐந்து மணிநேரம் ஒரு கேமராவை நிறுத்துவது சிறிய செய்தியன்று.

முந்தைய நாளே ஒவ்வொரு வீட்டுக்கும் சென்று சொன்னோம். இரண்டாம் தளத்து அக்கா, "எங்களையெல்லாம் எடுத்துட மாட்டீங்களே?" என்று சிரித்துக்கொண்டே கேட்டார். சிரிப்புக்குப் பின்னே இருந்த கவலை நியாயமானது. கேமராவைக் கீழ்நோக்கிச் சாய்த்து, பலகையைத் தவிர வேறெதுவும் விழாதபடி அமைத்து, அதன் திரையை அவருக்கே காட்டினோம். கட்டங்களும் ஒரு கம்பியும் மட்டுமே தெரிந்தன. "இதையா அஞ்சு மணிநேரம் எடுக்கப் போறீங்க?" என்று வியந்தார். மறுநாள் தம் பிள்ளைகளையும் அழைத்து வந்து பார்த்தார்.

பொதுவிடத்தில் காலச்சுருக்கப் படம் எடுக்கும் ஒவ்வொருவரும் இதனைக் கருத வேண்டும். பார்ப்பவருக்கு ஒரு நிமிடக் காட்சி. ஆனால் கேமரா அங்கே கண் இமைக்காமல் அரைநாள் நின்றிருக்கிறது. யார் வந்தார், யார் போனார் என்பதெல்லாம் அதில் பதிந்துவிடும். சொல்லாமல் எடுப்பது அயலாரின் முற்றத்தை எட்டிப் பார்ப்பதற்கு ஒப்பானதே.

அந்தப் பிற்பகல்

ஜூலை 16 அன்று நண்பகலில் ஒரு வியப்புக் காத்திருந்தது. உச்சிவேளையில் நிழல் வடக்கே விழும் என்றே நம்மில் பலர் எண்ணியிருப்போம். கோடையில் சூரியன் சென்னையையும் தாண்டி வடக்கே சென்றுவிடுவதால், அன்று 12:15 மணி அளவில் நிழல் தெற்கே விழுந்தது. 3 செ.மீ.க்கும் சற்றுக் குறைவான குட்டி நிழல். அதிலிருந்து சூரியன் சாய, நிழல் கிழக்கு நோக்கி நீளத் தொடங்கியது. ளுஹர் வக்து நுழைந்தது.

பத்தாம் வகுப்புப் படிக்கும் எங்கள் மகளும், ஆறாம் வகுப்புப் படிக்கும் மகனும் முறைவைத்துக் குடையோடு காவலிருந்தனர். வேலை என்று பெரிதாக ஒன்றுமில்லை. பத்து வினாடிக்கு ஒருமுறை கேமரா 'க்ளிக்' என்னும். காகம் வந்து பலகையில் அமராமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

2:30 வரை வானம் தெளிவாக இருந்தது. 2:40 க்கு மேற்கிலிருந்து ஒரு பெரிய மேகக்கூட்டம் வந்து மறைத்தது. கட்டங்களின் மேல் கம்பி மட்டும் நின்றது, நிழலைக் காணோம். 2:45, 2:50. மகன் கீழே இறங்கி ஓடிவந்து, "பெத்தும்மா, துஆ செய்யுங்க" என்று சொல்லிவிட்டு மீண்டும் மேலே ஓடினான். 2:55 கடந்தும் வெளிச்சமில்லை. 2:56 ஐ நெருங்கும்போது மேகத்தின் விளிம்பு விலகி, மங்கலாக ஒரு நிழல் எழுந்து, அடுத்த சில வினாடிகளில் அழுத்தமாகப் படிந்தது. இரண்டு நிமிடம் நின்றது. மீண்டும் மறைந்தது. அல்ஹம்துலில்லாஹ். தெளிவான நிழலோடு 12 படங்கள் கிடைத்தன.

அந்த இரண்டு நிமிடம் கிட்டாமல் போயிருந்தாலும் நாங்கள் முற்றிலும் கைவிடப்பட்டிருக்க மாட்டோம். சென்னையில் அன்றைய பிற்பகலில், 2:57 க்கு அரைமணி முன்னோ பின்னோ விழும் நிழலும் ஒன்றரைப் பாகைக்கு மேல் விலகாது. முந்தைய நாளோ மறுநாளோ அதே நேரத்தில் பார்த்தாலும் வேறுபாடு மிகச் சொற்பமே. மேகத்தைக் கண்டு மனம் தளர வேண்டியதில்லை என்பதற்காக இதனைச் சொல்கிறோம்.

தொகுப்பு

இஷாவுக்குப் பின் கணினி முன் அமர்ந்தோம். படத்தொகுப்புக்கு டாவின்சி ரிசால்வ் மென்பொருளின் இலவசப் பதிப்பைப் பயன்படுத்தினோம். வரிசை எண் கொண்ட படங்களை ஒரே கோப்புறையில் வைத்தால், அவற்றை ஒரே காணொளித் துண்டாக அது எடுத்துக்கொள்ளும். தொடங்கும் முன்னரே வினாடிக்கு 25 படங்கள் என்ற அமைப்பைத் தேர்ந்தெடுத்துவிட வேண்டும். துண்டுகளைக் காலக்கோட்டில் இட்ட பின்னர் அதனை மாற்ற இயலாது. கேமராக்கள் பல, 9999 ஆம் எண்ணுக்குப் பின் 0001 என்று மீண்டும் தொடங்கும். இடையில் அவ்வாறு நேர்ந்திருந்தால் முதலில் கோப்புகளுக்கு மறுபெயரிட்டு வரிசைப்படுத்திக்கொள்ள வேண்டும்.

மேகம் மறைத்த படங்களை நீக்கிவிட்டால் காணொளி இன்னும் சீராக இருக்குமே என்று மகன் கேட்டான். நீக்கவில்லை. இடையில் படங்களை உருவினால் நிழல் தாவிச் செல்வதுபோல் தோன்றும். நடந்ததைச் சுருக்குவது வேறு, நடந்ததை மாற்றுவது வேறு. உம்மா தம் தொழுகைக்காக நம்பப்போகும் ஒரு காட்சியில் அந்த வேறுபாட்டைக் காப்பது கடமை என்று அவனுக்கு விளக்கினோம்.

ஒலி பற்றியும் ஒரு சொல். பிற்பகலில் தெருப் பள்ளிவாசலின் அஸர் பாங்கை அலைபேசியில் பதிந்து வைத்திருந்தோம். காட்சியில் அவ்வக்து வரும் இடத்தில் அதனைச் சேர்க்கலாம் என்பது எண்ணம். ஆனால் அக்காட்சியில் ஒரு வினாடி என்பது வெளியே 250 வினாடிகள். பாங்கு முழுவதும் சொல்லி முடிய ஆகும் நேரம் அங்கே ஒரு வினாடிக்கும் குறைவு. நிழலை விரைவுபடுத்தலாம், பாங்கை விரைவுபடுத்தினால் அது பாங்காக இராது. ஆகவே காணொளியை ஒலியின்றியே விட்டுவிட்டோம்.

நான்கு இடங்களில் மட்டும் எழுத்துகளைச் சேர்த்தோம். 12:15, சூரியன் உச்சி சாய்தல். காணொளியில் நான்காவது வினாடி. 2:57, கிப்லா; 43 ஆவது வினாடி. 3:38 அளவில் நிழல், உச்சிவேளை நிழலோடு கம்பியின் ஓர் உயரத்தையும் சேர்த்து, 23 செ.மீ.யைத் தொடுகிறது. ஷாஃபிஈ மத்ஹபின்படி அஸர் வக்து நுழைகிறது. 4:47 அளவில், உச்சிவேளை நிழலோடு கம்பியின் இரு மடங்கு உயரம் சேர்ந்து, 43 செ.மீ. ஆகிறது. ஹனஃபி மத்ஹபின் புகழ்பெற்ற கருத்துப்படி அஸர். எங்களில் ஒருவர் ஷாஃபிஈ குடும்பத்திலும் மற்றவர் ஹனஃபி குடும்பத்திலும் பிறந்தவர்கள். ஆண்டுக்கணக்கில் நாட்காட்டியில் இரு நேரங்களாக மட்டுமே பார்த்து வந்ததை, ஒரே நிழலின் இரு இடங்களாக அன்றுதான் கண்டோம். இரு மத்ஹபுகளின் இமாம்களும் நோக்கியது ஒரே நிழலைத்தான்.

கோணக் கணக்கை மகள் செய்தாள். 2:57 க்கு எடுத்த படத்தில் நிழல்முனை, கம்பியின் அடியிலிருந்து சுவருக்கு இணையாக 13.6 செ.மீ.யும், சுவருக்குக் குறுக்காக 9.2 செ.மீ.யும் தள்ளி இருந்தது. பள்ளியில் படிக்கும் முக்கோணவியல் எதற்குப் பயன்படும் என்று அவள் எங்களைக் கேட்டதுண்டு. அட்டவணையைப் புரட்டி, 34 பாகை என்றாள். மறுநாள் காலை உம்மாவின் அறையில் சுவரிலிருந்து 34 பாகைக்கு நூல் பிடித்துக் கோடிட்டோம். ஓர் அலைபேசி அதற்கு ஒருபுறம் 9 பாகையும், மற்றது மறுபுறம் 17 பாகையும் விலகியிருந்தன. அவற்றையே மாடிக்குக் கொண்டுசென்று, தொட்டியையும் கம்பிகளையும் விட்டு விலகி உயர்த்திப் பிடித்தபோது இரண்டும் எங்கள் கோட்டை ஒட்டியே காட்டின. கருவிகளில் குறையில்லை, அறையின் இரும்புதான் அவற்றைக் குழப்பியிருக்கிறது.

உம்மா கண்டது

கட்டிலைத் திருப்புவதற்கு முன் காணொளியை உம்மாவுக்குக் காட்டினோம். முதல்முறை பார்த்தபோது ஒன்றும் சொல்லவில்லை. மீண்டும் போடச் சொன்னார். நிழல் தெற்கிலிருந்து எழுந்து கிழக்கே நீள்வதையும், நடுவே மேகத்தில் மறைந்து மறைந்து தோன்றுவதையும் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். மூன்றாம் முறை பார்த்த பின் பேசினார்.

"எங்க வாப்பா காலடியால அளப்பாங்க. வெயில்ல நின்னு, தன் நிழல் முடியிற இடத்துல ஒரு கல்லை வைக்கச் சொல்வாங்க. நாந்தான் கல்லு வைப்பேன். அப்புறம் ஒவ்வொரு அடியா வச்சு எண்ணிட்டு, அஸர் ஆச்சு, உம்மாகிட்ட சொல்லுன்னுவாங்க."

எங்களுக்கு இது புதிய செய்தி. இத்தனை ஆண்டுகளில் அவர் இதனைச் சொன்னதில்லை, நாங்களும் கேட்டதில்லை. நாங்கள் கேமராவும் கணினியும் கொண்டு செய்த வேலையின் ஒரு பகுதியை, ஒரு சிறுமி கல்லை வைத்துச் செய்திருக்கிறாள். பிள்ளைகள் அன்று அவரைச் சூழ்ந்து அமர்ந்து, எத்தனை அடி, என்ன கணக்கு என்று கேட்டுக்கொண்டே இருந்தனர்.

கட்டிலைத் திருப்பினோம். அன்று ளுஹருக்கு உம்மா கேள்வி கேட்கவில்லை. அஸருக்கு வேறொன்று கேட்டார். "வீடு துடைக்கிறப்ப கட்டில் நகந்துட்டா எப்படித் தெரியும்?" நியாயமான கேள்வி. கட்டில் கால்கள் நிற்கும் இடத்தில் தரையில் பச்சை நிற டேப் ஒட்டிவைத்தோம். இப்போது ஒவ்வொரு நாளும் மகன் அதனைச் சரிபார்த்து, "சரியா இருக்கு பெத்தும்மா" என்கிறான். அதன் பின்னரே அவர் தக்பீர் கட்டுகிறார்.

நாம் பெறத்தக்கது

நிழலை நீட்டுபவனும், சூரியனை அதற்கு வழிகாட்டியாக்கியவனும், அதனைச் சிறுகச் சிறுகச் சுருக்கிக்கொள்பவனும் தானே என்று அல்லாஹ் அல்ஃபுர்கான் அத்தியாயத்தில் (25:45-46) நம் சிந்தனைக்கு எடுத்துரைக்கிறான். பலமுறை ஓதிய வசனங்கள்தாம். அந்தச் 'சிறுகச் சிறுக' என்பது என்னவென்று, 1,800 படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தபோது சற்று விளங்கியது. அடுத்தடுத்த இரு படங்களை ஒப்பிட்டால் எந்த வேறுபாடும் தெரிவதில்லை. ஆயினும் ஐந்து மணிநேரத்தில் 3 செ.மீ. நிழல் 40 செ.மீ.யைத் தாண்டிவிடுகிறது. நம் வாழ்நாளும் அவ்வாறே கழிகிறது. நேற்றைக்கும் இன்றைக்கும் வேறுபாடு தெரிவதில்லை. உம்மாவின் நடை தளர்ந்ததும் பிள்ளைகள் வளர்ந்ததும் நம் கண் எதிரேயே நிகழ்ந்தன.

இக்கலை பார்ப்பவருக்கே காலத்தைச் சுருக்கிக் கொடுக்கிறது. எடுப்பவர் முழு நேரமும் காத்திருந்தாக வேண்டும். ஒரு நிமிடக் காணொளிகளை விரலால் தள்ளிக்கொண்டே போகும் நம் பிள்ளைகள், அத்தகைய ஒரு நிமிடம் உருவாக ஒரு பிற்பகல் முழுவதும் வெயிலில் காத்திருந்தது நல்ல பயிற்சி என்றே கருதுகிறோம்.

அடுத்த மே 28 அன்று பிற்பகல் 2:48 மணிக்கும், ஜூலை 16 அன்று 2:57 மணிக்கும் உங்கள் மாடியிலோ முற்றத்திலோ ஒரு கம்பியை நட்டுப் பாருங்கள். லீப் ஆண்டாயின் ஒருநாள் முன்னதாக. ஐக்கிய அரபு அமீரகத்தில் உள்ளோர்க்கு அது பிற்பகல் 1:18, 1:27; சிங்கப்பூர், மலேசியாவில் உள்ளோர்க்கு மாலை 5:18, 5:27. கேமரா இருந்தால் நல்லது. இல்லாவிடில் ஒரு பென்சில் போதும். வீட்டில் மூத்தவர்கள் இருந்தால், அவர்கள் காலத்தில் வக்தை எவ்வாறு அறிந்தார்கள் என்று மறவாமல் கேளுங்கள். அவர்கள் சொல்லாமல் வைத்திருக்கும் செய்திகள் பல. அவற்றைக் கேட்டறியும் நேரமும் நிழலைப் போலவே, நாம் காணாமலே நகர்ந்துகொண்டிருக்கிறது.

நோயுற்றிருக்கும் நம் பெற்றோர் அனைவருக்கும் அல்லாஹ் பூரண ஷிஃபாவை அருள்வானாக! அவர்களுடைய தொழுகைகளையும் நம்முடைய தொழுகைகளையும் ஏற்றுக்கொள்வானாக! ஆமீன்.